தேரும் சகடமும்

இலக்கியம் பேசுமிடத்தில் காருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும், சங்கப் பாடல்களிலிருந்து தேரையும் வண்டியையும் நீக்கிவிட்டால் அவற்றின் நிலக்காட்சிகள் எவ்வளவு அசைவற்றுப் போகும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வினை முடித்துத் திரும்பும் முல்லைத் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் சொல்கிறான். அது ஒருவகை ஊர்தி. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. அதன் முகப்பில் காடிக் கலம் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டி வருகிறாள். அது இன்னொரு வகை. முதலாவதில் ஒருவனின் வேட்கை விரைகிறது. இரண்டாவதில் ஒரு குடும்பமே தன் சோற்றோடும் தொழிலோடும் இடம்பெயர்கிறது. தேர் என்றும் சகடம் என்றும் நம் மொழி இவ்விரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்தது தற்செயலன்று.

இந்தப் பழைய வேறுபாடு நீலகிரியின் மலைப்பாதைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. தாழ்ந்த உடலும் இரண்டே இருக்கைகளும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் தேரின் வழித்தோன்றல். கூரை பின்புறம்வரை தாழாமல் நீண்டு, மேல்நோக்கித் திறக்கும் கதவில் சென்று முடிகிற ஸ்டேஷன் வேகன் சகடத்தின் வழித்தோன்றல். பின்னதன் உடலுக்குள் முன்னதன் எஞ்சினையும் பிரேக்கையும் வைத்துக் கட்டியதைத்தான் ‘பெர்ஃபார்மன்ஸ் வேகன்’ என்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு இத்தகைய வேகனுக்கு மாறுகிறவரைப் பார்த்து, ‘வயதாகிவிட்டது’ என்றும் ‘குடும்பத்துக்கு அடங்கிவிட்டார்’ என்றும் நண்பர்கள் கேலி பேசுவது வழக்கம். அக்கேலியில் பொருளில்லை என்பது எங்கள் கருத்து. மலைநாட்டில் இம்மாற்றம் வேகத்தைத் துறப்பதாகாது. வேகத்துக்காக உருவான நற்குணங்களைப் பின்னிருக்கையில் இருப்பவருக்கும் உரியவையாக்குவதே அது.

*

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலேயர் ஸ்டேஷன் வேகனை ‘எஸ்டேட் கார்’ என்பார்கள். அவர்கள் நாட்டில் நிலபுலன்களோடு கூடிய பண்ணை மாளிகைக்கு எஸ்டேட் என்று பெயர்; மாளிகையின் தேவைகளுக்காக ஓடிய வண்டிக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நீலகிரியில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம். வேறு பொருள் எவருக்கும் தோன்றாது. இவ்வகைக் காருக்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு: ‘ஷூட்டிங் பிரேக்’. வேட்டைக்குச் செல்வோரையும் அவர்களுடைய துப்பாக்கிகளையும் நாய்களையும் ஏற்றிச்சென்ற குதிரை வண்டியின் பெயர் அது. உதகைக்கு வெளியே வென்லாக் புல்வெளிகளில் வெள்ளைக்காரர்கள் வேட்டைநாய்க் கூட்டத்தோடு குதிரையேறிக் குள்ளநரியை விரட்டிய வரலாறு நாமறிந்ததே.

அதே புல்வெளிகளுக்குப் பின்னாளில் வேறொரு ‘ஷூட்டிங்’ வந்து சேர்ந்தது. உதகைச் சாலையில் திறந்த காரில் நாயகன் பாடிக்கொண்டு வர, நாயகியின் தாவணி காற்றில் பறக்க, தமிழ்த் திரைப்படம் நமக்கு ஒரு கனவைக் கற்றுக்கொடுத்தது. மலை என்பது இருவருக்கானது. கார் என்பது பாடுவதற்கானது. அந்தக் காரின் டிக்கியில் என்ன இருந்தது என்று நாம் கேட்டதில்லை. கம்பளியும் மருந்தும் வெந்நீர்க் குடுவையும் பாட்டியும் கனவில் இடம்பெறுவதில்லை.

ஆனால் இந்த மலைப்பாதைகள் சுமையேற்றவே பிறந்தவை. 1830களின் தொடக்கத்தில் குன்னூர்ப் பாதை அமைந்ததும், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் ரயில் வந்ததும் ஆட்களையும் சாமான்களையும் மேலே கொண்டுசேர்க்கத்தான். அந்த ரயில் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகளையும் 16 சுரங்கங்களையும் 250 பாலங்களையும் கடக்கிறது. அதன் பற்சக்கர எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று அவற்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். யுனெஸ்கோ 2005இல் அதற்கு உலகப் பாரம்பரியச் சிறப்பளித்தபோது அதன் வேகத்தை யாரும் கேட்கவில்லை. இன்றும் பறித்த தேயிலைக் கொழுந்தை அன்றே ஆலைக்குச் சேர்க்காவிட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுப்போகும். கோத்தகிரிச் சாலையில் கொழுந்து மூட்டைகளோடு ஊர்ந்துபோகும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் பொறுமையிழந்து ஒலியெழுப்பும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பது ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் ஒருநாள் உழைப்பு.

*

எங்கள் நண்பர் ஒருவர் குன்னூர்க்காரர். பல ஆண்டுகள் சேமித்து, பிறர் ஓட்டி விற்ற இரண்டு இருக்கைக் கார் ஒன்றை வாங்கினார். எங்களில் சிலர் முறைவைத்து அதில் அவரருகே அமர்ந்து கோத்தகிரிவரை போயிருக்கிறோம். அந்த மகிழ்ச்சியை மறுக்க எங்களுக்கு மனமில்லை. வளைவின் வடிவம் ஸ்டீயரிங் வழியாகக் கைகளுக்கு வந்து சேர்வதை அந்தக் காரில்தான் முதன்முதலாக உணர்ந்தோம். பிறகு அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்படுவதற்கு முந்தைய காலம் அது. பெரிய சிகிச்சை என்றால் மலையிறங்கிக் கோவைக்குப் போவதே வழக்கம். வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ்.

தாழ்ந்த காரில் முதியவர் எப்படியோ அமர்ந்துவிடுவார், எழ முடியாது. இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலிக்கு இடமில்லை. உடன்வரும் தாய்க்கும் இடமில்லை. உறவினர் ஒருவர் தம் எஸ்யூவியைக் கொடுத்துதவினார். அதன் இருக்கையோ நெஞ்சுயரத்தில் இருந்தது. ஏறுவதற்கு முக்காலி வைத்தார்கள். ஏறியபின் வேறொரு துன்பம் தொடங்கியது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே, முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தொலைவில், சாலை ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழிறங்குகிறது. நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். உயரமான வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஒருபக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிரும். டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் உடல் அந்த ஆட்டத்தைத் தாங்குவதில்லை.

இறுதியில் நண்பர் தம் காரை விற்று, பழைய ஸ்கோடா ஆக்டேவியா காம்பி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். அதன் இருக்கை இடுப்புயரத்தில் இருந்தது. முதியவர் முதலில் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டார். நாற்காலி மடங்கிப் பின்னால் போயிற்று. உடல் தளர்ந்த நாளில் பின்னிருக்கையின் ஒரு பாதியை மடித்துக் கால்நீட்டிச் சாய்ந்துகொள்ளவும் முடிந்தது. வண்டியின் எடை தரைக்கு அருகில் இருந்ததால் வளைவுகளில் சாய்வு குறைவு. ‘இப்போது நீ நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டாய்’ என்று தந்தை மகனிடம் சொன்னாராம். மகன் ஓட்டும் முறை மாறவேயில்லை என்று நண்பர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்கள் அதை ஒப்பவில்லை. பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்ற நினைவு ஓட்டுபவரின் கைகளையும் கால்களையும் மாற்றாமலிருக்க வழியேயில்லை.

*

இங்கே சிறிது இயந்திர அறிவும் வேண்டும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் எஞ்சின், அது எத்தனை விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தாலும், தன் ஆற்றலில் ஏறத்தாழ அதே பங்கை மலையில் இழக்கிறது. டர்போ பொருத்திய எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இவ்விழப்பைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது. ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் மேலேறும் டர்போ வேகன், மூச்சுவாங்கும் அழகிய காரைவிட எளிதாக ஏறுவதில் வியப்பில்லை.

இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. சுமை கூடக்கூட பிரேக்கின் வேலையும் கூடுகிறது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று வழிநெடுகப் பலகைகள் வைத்திருப்பது இதற்காகத்தான். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாட்களுக்குப் பின்னரே அதைக் கண்டுபிடித்தார்கள். எழுவரில் ஐவர் உயிரிழந்தனர். அதன்பின் அப்பாதையில் வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. இத்தகைய இடத்தில், ஸ்போர்ட்ஸ் காருக்கென்று வடித்த பெரிய பிரேக்குகளும் தாழ்ந்த உடலும் துல்லியமான ஸ்டீயரிங்கும் சொகுசுப் பொருள்களல்ல. பலரை ஏற்றிச்செல்லும் வண்டிக்கே அவை மிகவும் தேவை. நடைமுறையில் ஒருவரை மட்டும் ஏற்றிச்செல்லும் வண்டிக்குத்தான் அவற்றைத் தருகிறோம். பெர்ஃபார்மன்ஸ் வேகன் இந்த முரணைத் தீர்க்கிறது.

ஐரோப்பா இதை 1990களில் கண்டுகொண்டது. பிரிட்டனின் கார்ப் பந்தயத் தொடரில் 1994ஆம் ஆண்டு வோல்வோ நிறுவனம் 850 மாடலின் எஸ்டேட் வடிவத்தை இறக்கியபோது பார்வையாளர்கள் சிரித்தார்கள். அக்குழுவினர் பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றொன்றில் பொம்மை நாயைப் பின்னால் வைத்து ஓட்டி, அச்சிரிப்பில் தாமும் கலந்துகொண்டார்கள். அதே 1994இல் ஆடி நிறுவனம் போர்ஷேயோடு சேர்ந்து ஆர்எஸ்2 என்னும் வேகனை உருவாக்கியது. ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சின், 315 குதிரைத்திறன், போர்ஷேயின் பிரேக்குகள், பின்னால் மளிகைச் சாமான்களுக்கு இடம். ஏறத்தாழ 2,900 வண்டிகள்தான் செய்தார்கள். ஆனால் அதன்பின் எவரும் வேகனைப் பார்த்து முன்போல் எளிதாகச் சிரிக்கவில்லை.

*

நம் நாட்டுக் கதை வேறு. 1992இல் டாடா எஸ்டேட் வந்தது. பின்னர் மாருதி பலேனோ ஆல்ட்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஆக்டேவியா காம்பி, 2004இல் இண்டிகோ மரீனா. ஒன்றுகூட நிலைக்கவில்லை. ஆடியின் ஆர்எஸ்6 வேகன் 2015இல் ஏறத்தாழ 1.35 கோடி ரூபாய் விலையில் இங்கு வந்தது. அது கோடீசுவரர்களின் சங்கதி. இந்தியாவுக்கென்று ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் முயற்சியும் செழிக்கவில்லை. கோவாவிலிருந்து 1990களின் இறுதியில் ரெனோ எஞ்சினோடு வந்த சான் ஸ்டார்ம் என்னும் இரண்டு இருக்கைக் காரை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை நாம் வாங்கவில்லையே தவிர, அதன்மீது ஏக்கம் கொண்டோம். வேகன்மீது ஏக்கம்கூடக் கொள்ளவில்லை.

ஏன்? வரி ஒரு காரணம். 2006 நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16ஆகக் குறைத்தது. ஜிஎஸ்டி வந்தபின்னும் அந்த நான்கு மீட்டர் கோடு அழியவில்லை. நீளமே குணமாகக் கொண்ட வேகன் அக்கோட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆயினும் வரி குறைவதற்கு முன்பே மக்கள் வேகனை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், காரணத்தை மனத்திலும் தேட வேண்டியிருக்கிறது. ‘ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது’ என்பது நாம் அடிக்கடி கேட்ட குறை. மனிதர் அமரும் இடமும் சாமான் கிடக்கும் இடமும் ஒரே கூரையின் கீழ் வருவதை நம் அந்தஸ்துணர்வு ஏற்பதில்லை. சுமப்பது தாழ்ந்தவர் வேலை. சுமக்கும் வண்டி சரக்கு வண்டி. எஸ்டேட்டில் துரையின் வண்டி தனியாகவும் கொழுந்து வண்டி தனியாகவும் ஓடிய காலத்தின் மனம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. இன்று எஸ்யூவியின் உயரத்தை நாம் விரும்புவதிலும் அதன் மிச்சம் இருக்கிறது. உயரத்தில் அமர்ந்து, கீழே இருப்பவரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அந்த உயரம் வளைவில் நம் தாயைக் குமட்டச் செய்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது.

*

இனி ஒரு மறுப்பு. இலக்கிய வாசகர்கள் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்: பயனுக்காக மட்டும் வாழ்ந்தால் போதுமா? கவிதைக்கு என்ன பயன்? பயனற்றதன் அழகை விட்டுக்கொடுக்கச் சொல்வது, கடைசியில் இலக்கியத்தையே விட்டுக்கொடுக்கச் சொல்வதாகாதா?

இது வலுவான மறுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கலைப்பொருள்தான். அதன் அழகை வேகன் முழுதாகத் தந்துவிடாது. கூரையற்ற காரில் வந்து மோதும் யூக்கலிப்டஸ் மணத்தை எந்த வேகனும் தரப்போவதில்லை. இழப்பு இழப்புதான். ஆனால் கவிதை பொதுச்சாலையில் எதிரே வருவதில்லை. பிறர் உயிரோடு பகிர்ந்துகொள்ளும் இடத்தில், தனித்த இன்பத்துக்குள்ள உரிமை குறைந்துவிடுகிறது. ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், நிலத்தில் வலிமைமிக்க தேர் கடலில் ஒன்றுக்கும் உதவாது என்று நினைவூட்டுகிறார். பந்தயத் தளத்தின் தேர் பர்லியாறு வளைவில் யாருக்கு உதவும் என்பதே கேள்வி.

மலைநாட்டுத் தலைவன் பாரி தன் தேரை முல்லைக்கொடிக்குக் கொடுத்ததைப் பள்ளியில் வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். கொஞ்சம் வேறு விதமாகவும் அதைப் படிக்கலாம். விரைவதற்கென்றே செய்த ஓர் ஊர்தி, தானாக நிற்கமுடியாத ஓர் உயிரைத் தாங்கிநிற்கும் பந்தலாயிற்று. தேரின் அழகு அதனால் குறைந்துவிட்டதாகப் புலவர்கள் யாரும் வருந்தவில்லை. இன்னொரு மலைத்தலைவனான அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடவந்த ஔவையார், உமணர் தம் வண்டியில் முன்னெச்சரிக்கையாகக் கட்டிச்செல்லும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிட்டார். அரசகுமாரனைப் புகழ அவருக்குத் தேர் கிடைக்காமலில்லை. சுமைவண்டியின் உதிரிப் பாகத்தில் அவர் மாண்பைக் கண்டார். நம் மரபில் சகடத்துக்கு இவ்வளவு பெரிய மதிப்பு இருந்திருக்கிறது.

*

இந்த மதிப்பீடு இன்று நீலகிரிக்குத் தனிப்பட்ட விருப்பம் சார்ந்ததாக மட்டும் இல்லை. 2024 மே மாதம் முதல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டியிருக்கிறது. 2025 கோடைக்காலத்துக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளுக்கு உச்சவரம்பும் விதித்தார்கள். இக்கணக்கு வண்டிகளை எண்ணுகிறது; உள்ளே இருப்பவர்களை எண்ணுவதில்லை. இருவர் வரும் தேருக்கும் ஐவரும் அவர்களின் மூட்டைகளும் வரும் சகடத்துக்கும் ஓரிடமே. இருப்பதை எண்ணிப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலைக்கு மலை வந்துவிட்டபின், காலியிருக்கைகளும் இல்லாத இருக்கைகளும் ஒரு தார்மீகக் கேள்வியாகின்றன.

அப்படியானால் பேருந்தில் போக வேண்டியதுதானே என்று யாரேனும் கேட்டால், எங்களிடம் மறுமொழியில்லை, மகிழ்ச்சியே உண்டு. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, எதிரே வரும் லாரிக்கு இடம்விட்டு, கொண்டை ஊசி வளைவை ஒரே வீச்சில் திருப்பும் ஓட்டுநரைவிடச் சிறந்த கைத்திறனை எந்த ஸ்போர்ட்ஸ் காரிலும் நாங்கள் கண்டதில்லை. நோயாளியையும் நாற்காலியையும் வீட்டு வாசலிலிருந்து ஏற்றிச்செல்ல வேண்டியவருக்குத்தான் வேகன்.

மலைச்சாலைக்குச் சட்டமே வகுத்த ஒரு மரியாதை உண்டு: மேலேறி வரும் வண்டிக்கு, இறங்கி வருவது வழிவிட வேண்டும். சுமையோடு ஏறுபவர் நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம் என்ற கருணை அவ்விதிக்குள் இருக்கிறது. தேரை விட்டுச் சகடத்தில் ஏறுகிறவர் அவ்விதியை நிழற்படப் பலகையில் படித்தறிய வேண்டியதில்லை. அவருடைய பின்னிருக்கையே அதை அவருக்குச் சொல்லிக்கொண்டு வரும்.